சரிவுக்கு இன்னும் வரி போடல

மார்ச் 3, திங்கள்
மேல் ஸ்டாண்டு

தம்பிக்கு,

அத்தை எழுதறேன். ஆண்டவன் புண்ணியத்துல கை, கால், கண்ணு எல்லாம் அதது இடத்துல இருக்கு. மத்ததைப் போகப் போகச் சொல்றேன்.

பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நீ போனவன் போனவன்தான். அண்ணன் கண்ணை மூடினப்புறம் மூக்கு ஒழுகிக்கிட்டு வந்து நின்ன உன்னை வளர்த்தவ நான். எனக்கு ஒரு கடிதாசி போடணும்னு தோணலையாடா? போன்ல பேசலாம்னா வீட்டுக்கே ஒரு போன், அது உங்க மாமா சட்டைப் பையிலயே கிடக்கு. உன் பேச்சை எடுத்தாலே அவருக்கு முகம் மாறிடுது. "உன் அண்ணன் மகனுக்குப் பெரிய சம்பளம் கேக்குது. டீசல் குடிக்கிற எடத்தை விட்டுட்டு டீசல் விக்கிற எடத்துக்குப் போயிட்டான்"னு சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு. உன் பங்க் அட்ரஸே நான் ஒரு லாரிக்காரர்கிட்ட கெஞ்சி வாங்கினது.

மாமா ஓட்டற நம்ம வேன்ல நீ நின்ன எடத்துல இப்ப நான் நிக்கறேன். ஆள் வைக்கக் கட்டுப்படியாகல. கதவைப் பிடிச்சுக்கிட்டு, "உள்ள தள்ளி உக்காருங்க, இன்னும் ஒருத்தர் உக்காரலாம்"னு கத்தறது, காசு வாங்கறது, சில்லறைக்கு மல்லுக்கட்டறது எல்லாம் நான்தான். வயசு அம்பதைத் தாண்டி இப்படி ஒரு உத்தியோகம். மலை மேலேர்ந்து கீழ் ஸ்டாண்டுக்கு ஆள் சேர்ற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கேன்னு இதை எழுதறேன். வண்டி சீக்கிரம் நிறையணும்னு வேண்டிக்கிட்டே எழுதறேன்.

வீட்டு நெலவரம் கேக்கறியா. சிலிண்டர் வந்தா முன்னெல்லாம் நேரா அடுப்பங்கரைக்குப் போகும். இப்ப சாமி படத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வச்சு, "சீக்கிரம் தீந்துடாதப்பா"ன்னு கும்பிட்டுட்டுத்தான் மாட்டறேன். டீசல் ஏறினதுக்கு வெங்காயம் ஏன் ஏறணும், வெங்காயம் என்ன டீசலா குடிக்குதுன்னு கடைக்காரர்கிட்ட கேட்டேன். "ஏம்மா, வெங்காயம் நடந்தா வருது?"ன்னாரு. பாதி வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்காரம்மாவும் வாடகையை ஏத்தப் போறாங்களாம். அவங்க வீடு எந்த டீசல்ல ஓடுதுன்னு தெரியல.

ஆனா ஒரு சந்தோசமான சேதி இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். உங்க மாமா சாமி பக்கம் திரும்பிட்டாருடா. நான் வெளக்கேத்தினா, "எண்ணெய் என்ன வெலை தெரியுமா"ன்னு கேக்கற மனுசன். போன மாசம் வண்டி ரேடியோ கெட்டுப் போச்சு. ரிப்பேருக்குக் காசில்ல. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாரு. மூணாம் நாள் காலையில சரிவு ஆரம்பிச்சதும் கண்ணாடியில என்னைப் பாத்து, "ஏதாவது சாமிப் பாட்டு பாடேன். சத்தமா பாடு"ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னைப் பாடச் சொன்னவரில்ல. இப்ப தினமும் சரிவு வந்தா, "பாடு"ங்கறாரு. நான் கண்ணை மூடிக்கிட்டுப் பாடறேன். ஏறி உக்காந்திருக்கற பொம்பளைங்களும் சேந்துக்கறாங்க.

ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு எழுது. இப்ப அவரு மனசு இளகியிருக்கு.

பதிலை வீட்டுக்குப் போடாதே. ஸ்டாண்டுல பூட்டு ரிப்பேர் கடை அட்ரஸுக்குப் போடு. அவரு பூட்டைத் தவிர வேற எதையும் திறக்க மாட்டாரு.

வண்டி நிறைஞ்சிடுச்சு. மாமா ஹாரன் அடிக்கறாரு.

அத்தை


மார்ச் 10

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கவரின் கனத்தைப் பார்த்துவிட்டு முதலாளி, "யாருடா, பொண்ணா?" என்று கேட்டார். அத்தை என்றேன். நம்பவில்லை.

நான் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியவில்லை. அவ்வளவுதான்.

நன்றாக இருக்கிறேன். பங்குக்குப் பின்னால் ஆயில் டப்பா அடுக்கும் அறையில் படுக்கை. காலையில் முதல் வேலை விலைப் பலகையில் எண்ணை மாற்றுவது. ஏணி போட்டு ஏறி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். கீழே வண்டியோடு நிற்பவர்கள் என்னமோ நானே ஏற்றிவிட்ட மாதிரி பார்க்கிறார்கள். நேற்று ஒருவர், "நீ ஏணியில கால் வச்சாலே என் பர்ஸ் இளைக்குதுப்பா" என்றார். லிட்டருக்குக் கொடுக்கும் காசில் கிட்டத்தட்டப் பாதி வரியாகவே போகிறது என்று முதலாளி சொல்கிறார். அதை ஆட்களிடம் சொன்னால் திட்டுவது குறையுமா என்று சொல்லிப் பார்த்தேன். கூடிவிட்டது.

சம்பளம் மாமா நினைக்கிற மாதிரி இல்லை. நான் சம்பளத்துக்காகப் போகவும் இல்லை. அதை விடுங்கள்.

சில விஷயங்கள் கேட்கிறேன். மாமா உங்களைச் சரியாக எந்த இடத்தில் பாடச் சொல்கிறார்? எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறார்? ஏறும்போது பாடச் சொல்வதுண்டா, இறங்கும்போது மட்டுமா? நீங்கள் உட்காருவது கதவுப் பக்கம்தானே? முன்னால் போய் உட்காராதீர்கள். கம்பியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாமா முட்டி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உங்கள் மருமகன்


மார்ச் 17, திங்கள்

தம்பிக்கு,

நீ எழுதறது போலீஸ் விசாரணை மாதிரி இருக்குடா. எங்க பாடினீங்க, எங்க நிறுத்தினீங்க, எந்தப் பக்கம் உக்காந்தீங்க. பேசற மாதிரி எழுதக் கூடாதா? பள்ளிக்கூடத்துல உன்னைக் கூடக் கொஞ்சம் படிக்க வச்சது தப்பாப் போச்சு.

கேட்டதுக்குச் சொல்றேன். பழைய தண்ணித் தொட்டி வளைவு வந்ததும், "பாடு"ங்கறாரு. பாலம் தாண்டினதும் நானே நிறுத்திடுவேன், அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடும். ஒரு நாள் பாட்டு சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. பாலம் வரல. "இன்னொண்ணு பாடு, நிறுத்தாதே"ன்னு பதறிட்டாரு. அவ்வளவு பக்தி. ஏறறப்பப் பாட்டு கெடையாது. ஏறறப்ப நம்ம வண்டி போடற சத்தத்துல சாமிக்கே காது கேக்காது. இறங்கறப்பதான் என்னமோ அமைதியா, மெதக்கற மாதிரி இருக்கும். ஆண்டவனே மடியில வச்சு இறக்கி விடற மாதிரி.

முட்டியைப் பத்தி ஏன் கேட்டே? வலது முட்டி வீங்கிக் கெடக்கு. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு இப்படி ஆயிடுச்சுன்னு தினம் ராத்திரி தைலம் தேய்க்கறேன். தைலமும் ஏறிடுச்சு. பாட்டில் மட்டும் சின்னதாயிடுச்சு.

நம்ம வேனுக்கு இப்ப பேரே பாட்டு வண்டி. எதுத்தாப்புல நிக்குமே மீசைக்காரர் வேன், அது நின்னுடுச்சு. கட்டுப்படியாகலன்னு வீட்டு வாசல்ல தார்ப்பாய் போட்டு மூடிட்டாரு. அவரு ஆளுங்களும் நம்மகிட்டதான் வராங்க. தையல் கம்பெனிப் பொண்ணுங்க வராங்க. ஆஸ்பத்திரில கூட்டிப் பெருக்கற ஆயா வரா. அவ எப்பவும் முன்னாடி, மாமா பக்கத்துல இருக்கற இன்ஜின் மூடி மேலதான் உக்காருவா. குளிருக்குச் சூடா இருக்காம். ராணி சிம்மாசனம்னு கேலி பண்ணுவோம்.

ஆனா ஒண்ணு புரியல. ஆள் கூடியிருக்கு, கையில காசு கூடல. ஒரு தடவை டிக்கெட்டை லேசா ஏத்திப் பாத்தோம். மறுநாள் பாதிப் பொண்ணுங்க குறுக்குப் பாதையில நடந்து எறங்கிட்டாங்க. பழைய வெலைக்கே வந்துட்டோம். பாதி வரின்னு எழுதினியே, அதை மாமாகிட்ட நான் கண்டுபிடிச்ச மாதிரி சொன்னேன். அவரு சிரிச்சாரு. "அப்ப நம்ம வண்டியில பாதி தூரம் நம்ம ஆளுங்க போறாங்க, பாதி தூரம் சர்க்கார் ஓசியில போகுது. அவங்ககிட்டயும் போய் டிக்கெட் கேளேன்"னாரு. உங்க மாமா தமாஷ் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா.

சம்பளத்துக்காகப் போகலன்னா எதுக்குடா போனே? எழுது. மறைக்காதே.

அத்தை


மார்ச் 24

அத்தைக்கு,

நீங்கள் கேட்டுவிட்டீர்கள். இதை மூன்று தடவை எழுதிக் கிழித்திருக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டி வளைவில் மாமா இன்ஜினை அணைத்துவிடுகிறார். பாலம் வரைக்கும் வண்டி சரிவில் தானாகவே உருளுகிறது. டீசல் மிச்சம். பாலம் தாண்டியதும் கியரில் போட்டு மறுபடி கிளப்புகிறார். மிதக்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதினீர்களே, அது இதுதான்.

இன்ஜின் நின்றால் வண்டிக்குள் சட்டென்று நிசப்தம் வரும். ஏறியிருப்பவர்கள் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அதனால் வளைவு வந்ததும், "பாட்டைக் கூட்டுடா" என்பார். நான் ரேடியோவைக் கூட்டுவேன். நான் இருந்தபோது ரேடியோ. இப்போது நீங்கள்.

இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலம். அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். மாமாவின் முட்டி வீங்குவது அதனால்தான். ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் தூறல். வண்டியில் மாமாவையும் என்னையும் தவிர யாரும் இல்லை. பாலத்துக்கு முன்னால் ஒரு அம்மா தலைச்சுமையோடு ரோட்டைக் கடந்தார். மாமா மிதித்தார். பிரேக் இறங்கவில்லை. எழுந்து நின்று இரண்டு காலாலும் மிதித்தார். வண்டி பாலத்துச் சுவரை உரசிக்கொண்டே போய் நின்றது. அந்த அம்மாளின் சுமை மட்டும் சிதறியது. இடது பக்கக் கீறலை, ஸ்டாண்டில் லாரி உரசியது என்று உங்களிடம் சொன்னோம்.

இனி அணைக்காதீர்கள் என்றேன். "அப்ப நீ டீசல் ஊத்து" என்றார். ஆட்களிடம் சொல்லிவிடுவேன் என்றேன். "பயந்தாங்கொள்ளிக்கு என் வண்டியில எடம் இல்ல" என்றார். இறங்கிவிட்டேன்.

தயவுசெய்து பாடாதீர்கள். அந்த வண்டியிலும் ஏறாதீர்கள்.

உங்கள் மருமகன்


மார்ச் 27

உனக்கு,

படிச்சேன். என் புருசன் சாமி பேரை வச்சு ஊரை ஏமாத்தறாரு, நான் அதுக்குப் பின்பாட்டுப் பாடறேன். அதானே நீ சொல்றது. அவரு மேல கோபம்னா நேரா அவருகிட்ட சண்டை போடு. நடுவுல ஆண்டவனை இழுக்காதே.

இனிமே எழுதாதே. பூட்டுக் கடைக்காரருக்கும் சொல்லிட்டேன்.


ஏப்ரல் 7, திங்கள்
மேல் ஸ்டாண்டு

தம்பி,

எழுதாதேன்னவதான் எழுதறேன். வேற யாருகிட்ட சொல்ல?

உன் கடிதாசியைக் கிழிச்சுப் போட்டுட்டு, நேராப் போய் வண்டியோட இடது பக்கத்தைப் பாத்தேன். கீறலுக்குள்ள நகத்தை விட்டுச் சுரண்டினேன். வெள்ளையா வந்துச்சு. சுண்ணாம்பு. எந்த லாரிக்குடா சுண்ணாம்பு அடிக்கறாங்க? பாலத்துச் சுவருக்குத்தான் அடிப்பாங்க.

அப்பவும் மனசு கேக்கல. ஒரு நாள் ஆஸ்பத்திரி ஆயா லீவு. அவ எடத்துல, இன்ஜின் மூடி மேல நான் போய் உக்காந்தேன். மாமா ஒரு மாதிரியாப் பாத்தாரு. "கதவுகிட்ட யாரு?"ன்னாரு. "ஒரு பொண்ணு நிக்குது. எனக்குக் குளிருது"ன்னேன். மூடி மேல கையை வச்சுக்கிட்டேன். வண்டி கெளம்பினதுலேர்ந்து அது நடுங்கிக்கிட்டே வருது, உயிருள்ள மாட்டு முதுகு மாதிரி. வளைவு வந்துச்சு. "பாடு"ன்னாரு. பாட ஆரம்பிச்சேன். அவரு கை சாவிகிட்ட போச்சு. மூடி ஒரு தடவை குலுங்கி நின்னுடுச்சு. வாய் ஆண்டவனைப் பாடுது, கைக்குக் கீழ ஒண்ணுமே அசையல. பாட்டை நிறுத்த முடியலடா. நிறுத்தினா எல்லாருக்கும் கேட்டுடும். இவ்வளவு நாள் கண்ணை மூடிக்கிட்டுப் பாடினேன் பாரு, அன்னைக்குத்தான் அந்தச் சரிவை முழுசாப் பாத்தேன். எவ்வளவு செங்குத்துன்னு எனக்குத் தெரியவே தெரியாது.

வீட்டுல வச்சுக் கேட்டேன். இருக்கறது ஒரு ரூம், பக்கத்துக் குடித்தனத்துக்கும் நமக்கும் நடுவுல பலகைத் தடுப்பு. கத்திக்கூடச் சண்டை போட முடியாது. கிசுகிசுன்னு சண்டை போட்டோம். பாத்தா காதல் பேசற மாதிரி இருந்திருக்கும்.

"சாமிப் பாட்டை இதுக்கா கேட்டீங்க?"

"உனக்குத் தெரிஞ்சது சாமிப் பாட்டுதானே. சினிமாப் பாட்டு தெரிஞ்சா அதைக் கேட்டிருப்பேன்."

"நாளைக்கே நிறுத்திடுங்க."

"நிறுத்தறேன். பதிலுக்கு எதை நிறுத்தறதுன்னு நீ சொல்லு. வாடகையா, சிலிண்டரா, வண்டித் தவணையா?"

"வித்துடுவோம்."

"பழைய வண்டி வாங்கறவன்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். இரும்பு வெலைக்கு எடுத்துக்கறேங்கறான். தவணை பாக்கியைக் கட்ட அது பத்தாது. வண்டியும் இருக்காது, கடனும் போகாது."

"ஆளுங்க உசுருங்க."

வீங்கின முட்டியைத் தடவிக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு. "ஏறறப்ப ஒவ்வொரு அடிக்கும் வரி கட்டறேன். டயருக்குக் கட்டறேன், ஆயிலுக்குக் கட்டறேன், ஸ்டாண்டுல நிக்கறதுக்குக் கட்டறேன். அந்தச் சரிவுக்கு மட்டும்தான் இன்னும் வரி போடல. அதையும் விடச் சொல்றே."

சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. இவ்வளவு நாளும் உன் மேல கோபத்துல திரும்பிப் படுக்கறாருன்னு நினைச்சேன். என் முகத்தைப் பாக்க முடியாமத்தான் திரும்பிப் படுத்திருக்காரு.

ஏறாதேன்னு எழுதியிருந்தே. நான் ஏறலன்னா அந்த எடத்துக்கு ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும், அது அந்தச் சரிவு மிச்சத்தை விட அதிகம். மறுநாள் ஏறினேன். பாடினேன். அதுக்கு மறுநாளும் பாடினேன். வீட்டுல வெளக்கேத்தினா வாய் தெறக்க மாட்டேங்குது. சாமி படத்துக்கு முன்னாடி போய் நின்னா, "இங்க என்னத்துக்கு வந்தே, அதான் வண்டியில பாக்கறேனே"ன்னு கேக்கற மாதிரி இருக்கு.

என்னடா பண்றது? நீ படிச்சவன். சொல்லு.

அத்தை


ஏப்ரல் 14

அத்தைக்கு,

நான் படித்தவன் இல்லை. ஏணி ஏறுகிறவன். இன்று காலையும் ஏறினேன். புதிய எண்ணைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்கும்போது, அந்தக் கூடுதல் காசு உங்கள் சரிவில் எத்தனை அடி டீசல் என்றுதான் யோசித்தேன்.

கொஞ்சம் பணம் அனுப்பலாம் என்று முதலாளியிடம் முன்பணம் கேட்டேன். விலை ஏறினால் பங்குக்கு லாபம் என்று நினைக்கிறாயா, ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடுகிறார்கள், உன்னையே வைத்திருக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. உங்களை இங்கே கூப்பிடலாம் என்றால் இருப்பது ஆயில் டப்பா அறை.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. ஏறி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் செய்வதுதான் பெரிய தப்பு. அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு இறங்கினால் டிக்கெட் இவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள். உயிர் விஷயம் என்று தெரிந்தால் கூடக் கொடுப்பார்கள். அன்றைக்கு நானே சொல்லியிருக்க வேண்டும். மாமா ஒரு வார்த்தை சொன்னதும் ரோஷத்தில் இறங்கிப் போய்விட்டேன்.

மாமாவிடம் கேட்டுக்கொண்டு செய்யாதீர்கள். கேட்டால் விடமாட்டார்.

உங்கள் மருமகன்


ஏப்ரல் 22, செவ்வாய்
மேல் ஸ்டாண்டு

தம்பிக்கு,

சொல்லிட்டேன்டா.

நேத்துக் காலையில வண்டி நிறையக் கூட்டம். கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். தண்ணித் தொட்டி வந்துச்சு. மாமா கண்ணாடியில பாத்தாரு. "பாடு"ன்னாரு. நான் வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். இன்ஜின் நின்னுச்சு.

அந்தச் சத்தமில்லாத சத்தம் இருக்கே. ஜன்னல் ஓட்டையில காத்து ஊளையிடுது. டயர் ரோட்டைத் தேய்க்கறது கேக்குது. ஒருத்தி மடியில சாப்பாட்டு டப்பா மூடி கடகடன்னு ஆடறது கேக்குது. "பாடு"ன்னு மாமா மறுபடி சொன்னாரு, கெஞ்சற மாதிரி. பிரேக் கீச்சுன்னுச்சு.

"இன்ஜின் அணைஞ்சிருக்கு"ன்னு சொன்னேன். என் குரல் எனக்கே பெருசா இருந்துச்சு. "தினமும் அணைச்சிட்டுத்தான் எறங்கறோம். டீசல் மிச்சம் பண்ண. என் பாட்டு அதை மறைக்கத்தான். இனிமே அணைக்காம எறங்கலாம், ஆனா டிக்கெட் ஏத்தணும். நீங்களே சொல்லுங்க."

கத்துவாங்கன்னு நினைச்சேன். எறக்கி விடுங்கன்னு ஆர்ப்பாட்டம் பண்ணுவாங்கன்னு நினைச்சேன். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல.

ஆயாதான் பேசினா, முன்னாடி பாத்துக்கிட்டே. "தெரியும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"ரேடியோ காலத்துலேர்ந்து. தினமும் இன்ஜின் மேல உக்காந்து வரவ நான். நடுக்கம் நின்னா எனக்குத் தெரியாதா? அதுலயும் உங்க மருமகன், வளைவு வந்தா போதும், செவிடாகற மாதிரி ரேடியோவைக் கூட்டுவான். பாவம், அவன் முகத்துலயே எழுதியிருக்கும்."

தையல் கம்பெனிப் பொண்ணு ஒருத்தி சொன்னா. "டீசல் இத்தனை தடவை ஏறிச்சு, உங்க வண்டியில மட்டும் டிக்கெட் ஏறல. எப்படின்னு நாங்க யோசிக்க மாட்டோமா அத்தை?"

"அப்ப ஏன்டி யாரும் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்க. நிறுத்தினா டிக்கெட் ஏறும். ஏறினா நாங்க நடக்கணும். நடந்து போனா லேட்டு. லேட்டானா அரை நாள் சம்பளம் போச்சு."

அவ்வளவு தெளிவாச் சொல்றா. கடையில கணக்குச் சொல்ற மாதிரி.

நான் யாரை ஏமாத்தறேன்னு சாமிகிட்ட அழுதேனோ, அவங்க என்னை ஏமாத்திக்கிட்டு வந்திருக்காங்கடா. அவங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா நான் மனசு ஒடிஞ்சிடுவேன்னு, தெரியாத மாதிரி உக்காந்து கூடச் சேந்து பாடியிருக்காங்க.

வண்டி போய்க்கிட்டே இருக்கு. பாலம் கண்ணுக்குத் தெரியுது. அப்ப ஆயா திரும்பி என்னைப் பாத்தா. "பாடிடுங்கக்கா. சும்மா வந்தா அந்தப் பாலத்தையே பாத்துக்கிட்டு வரணும்."

நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவளே ஆரம்பிச்சா. ராகம் தப்பு, பாதி வார்த்தை தப்பு. தையல் கம்பெனிப் பொண்ணுங்க சேந்துக்கிட்டாங்க. வார்த்தை தப்பாப் போகுதேன்னு திருத்தறதுக்காக நான் வாயைத் தெறந்தேன். அப்புறம் மூட முடியல.

கீழ் ஸ்டாண்டுல எல்லாரும் எறங்கிப் போனப்புறமும் மாமா சீட்டை விட்டு எறங்கல. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு"ன்னாரு. ஆமான்னேன். "அப்ப இவ்வளவு நாளா நான் யாருக்குப் பயந்தேன்?"ன்னாரு. திட்டுவாருன்னு நினைச்சிருந்தேன். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

மீசைக்காரரும் தார்ப்பாயை எடுத்துட்டாரு. எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு கேட்டேன். "உங்களை மாதிரிதான்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு வண்டியில ரேடியோ வேலை செய்யுது.

இன்னைக்கு இதை எழுத ஆரம்பிச்சப்ப மாமா பக்கத்துல வந்து நின்னாரு. நான் மறைக்கல. "அவனுக்குத்தானே"ன்னாரு. "நான் சொன்னேன்னு எழுது. அவன் எறங்கினதுதான் சரி. பயந்தாங்கொள்ளின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா திரும்பி வர வேணாம்னும் எழுது." நான் அப்படியே எழுதிட்டேன். இதுக்கு மேல மன்னிப்புக் கேக்க அவருக்குத் தெரியாது. வராதேடா. உன்னைப் பாக்கணும்னு இருக்கு, ஆனா வராதே. வந்தா இந்த வண்டியிலதான் எறங்கணும்.

உன் பலகையில நாளைக்கு என்ன நம்பர்னு எழுதாதே. எப்படியும் வெங்காயக் கடையில தெரிஞ்சிடும்.

ஆயா வந்துட்டா. சிம்மாசனத்துல ஏறி உக்காந்துட்டா. தையல் கம்பெனிப் பொண்ணுங்க ஒவ்வொருத்தியா வராங்க. முன்னெல்லாம் வண்டி நிறையணும்னு வேண்டிக்குவேன். இப்பவும் அதான் வேண்டிக்கறேன், நிறைஞ்சாத்தான் சோறு. ஆனா ஆளு ஏற ஏற வண்டி கனக்குது. கனம் கூடினா அந்த முட்டி தாங்குமா? ஒவ்வொருத்தி கால் வைக்கறப்பவும், இவளோட போதும், இன்னொருத்தி வேணாம்னும் கேக்கறேன். ரெண்டையும் ஒரே ஆண்டவன்கிட்டதான் கேக்கறேன். அவரு எதைக் காதுல வாங்கறாருன்னு தெரியல.

நிறைஞ்சிடுச்சுடா. மாமா ஹாரன் அடிக்கல. சாவியைக் கையில வச்சுக்கிட்டு, நான் ஏறட்டும்னு காத்துக்கிட்டிருக்காரு.

அத்தை